640 கேபிக்குள் தக்காளி மண்டிக் கணக்கு

பாலக்கோட்டில் சித்தப்பாவின் தக்காளி மண்டியில் இந்த ஆடி மாதத்திலிருந்து பில் அடிப்பது ஒரு பென்டியம் 133. ராம் 16 எம்பி. விடியற்காலை சுவிட்சைப் போட்டால், கணக்குப்பிள்ளை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவதற்குள் பில் திரை வந்து நிற்கிறது. நடுவில் கரண்ட் போனாலும் கடைசியாக அடித்த பில் வரை கணக்கு அப்படியே இருக்கிறது. இந்த இரண்டும் ஒழுங்காக நடக்க ஆரம்பித்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். பழைய கணினியில் உருப்படியாக ஒரு வேலை வாங்க நினைப்பவர்களுக்கு இதில் உள்ள அளவுகள் உதவும்.

எதற்கு இவ்வளவு பழைய கணினி? மண்டியில் இருக்கும் 9 ஊசி டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர்தான் முதல் காரணம். விவசாயிக்கு ஒரு சீட்டு, மண்டிக்கு ஒரு சீட்டு என்று கார்பன் வைத்து அடிக்க வேண்டும். அட்வான்ஸ் தீரும் வரை விவசாயி அந்தச் சீட்டை வீட்டில் வைத்திருப்பார். தெர்மல் தாளில் அடித்தால் நாளாக நாளாக எழுத்து மங்கிவிடும். அந்தப் பிரிண்டருக்கு வேண்டிய பேரலல் போர்ட் பரணில் கிடந்த இந்தக் கணினியில் இருந்தது. இன்டர்நெட் தேவையில்லை, மாதச் சந்தா தேவையில்லை. சித்தப்பா கேட்டது நாள்வழி, பேரேடு, பில். அவ்வளவுதான்.

முதலில் பெட்டி. பிரித்து, பிளோயரால் தூசியை ஊதி, ராம் குச்சிகளின் பித்தளை நிறப் பட்டைகளை ரப்பர் போட்டுத் தேய்த்து மாட்டினேன். சீமாஸ் பேட்டரி செத்திருந்தது. சிஆர்2032 ஒன்று மாற்றினேன். எஸ்எம்பிஎஸ்ஸில் இரண்டு கப்பாசிட்டர்கள் தலை உப்பியிருந்தன. அவற்றை தர்மபுரியில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கடையில் வாங்கி, அதே மைக்ரோஃபாரட், அதே வோல்டேஜ் அளவில் மாற்றினேன். ஹார்ட் டிஸ்க் சுழலும்போது கரகரவென்று சத்தம் போட்டது. கணக்கை அதை நம்பி வைக்க முடியாது. அதற்குப் பதிலாக ஐடிஇ அடாப்டரில் 4 ஜிபி காம்பாக்ட் ஃபிளாஷ் கார்டு ஒன்றைப் பொருத்தினேன். சத்தமில்லை, அதிர்வுக்குப் பயமில்லை, மாலையில் கார்டைக் கழற்றி லேப்டாப்பில் காப்பி எடுத்துக்கொள்ளலாம்.

கார்டை லேப்டாப்பிலேயே பார்ட்டிஷன் போட்டு மாட்டியபோது கணினி பூட் ஆகவில்லை. யுஎஸ்பி ரீடர் கார்டைப் பார்க்கும் சிலிண்டர், ஹெட் கணக்கும் பழைய பயாஸ் (கணினி எழும்போது முதலில் ஓடும் புரோகிராம்) பார்க்கும் கணக்கும் வேறு வேறு. ஃபிளாப்பியில் பூட் செய்து, அதே கணினியில் எஃப்டிஸ்க் ஓட்டி, 500 எம்பிக்கு ஒரு பார்ட்டிஷன் மட்டும் போட்டு ஃபார்மட் செய்ததும் சரியாகிவிட்டது. நல்ல நிலையில் ஒரு ஃபிளாப்பி தேடுவதுதான் இதில் பெரிய வேலை. ஆப்பரேட்டிங் சிஸ்டம் 2022இல் வந்த ஃப்ரீடாஸ் 1.3, பழைய டாஸின் இலவச வடிவம். எழுதிய நிரலைக் கணினி ஓட்டும் வடிவமாக மாற்றும் கம்பைலர் 1989ஆம் ஆண்டின் டர்போ சி 2.01. லேப்டாப்பில் டாஸ்பாக்ஸ் (புதுக் கணினியில் டாஸ் புரோகிராம்களை ஓட்டும் மென்பொருள்) வைத்து எழுதி, கார்டில் காப்பி செய்து, மண்டியில் ஓட்டிப் பார்ப்பது என்று வேலை போனது.

ராம் 16 எம்பி இருந்தாலும் டர்போ சி புரோகிராமுக்குக் கிடைப்பது டாஸ் விட்டுவைக்கும் 640 கேபிதான். அதிலும் டாஸ் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். ஒரே அரே, அதாவது மெமரியில் வரிசையாக அடுக்கிய ஒரு பட்டியல், 64 கேபியைத் தாண்டவும் கூடாது. டிஜேஜிபிபி மாதிரி 32 பிட் கம்பைலர் போட்டால் 16 எம்பியையும் தொடலாம். அதைத்தான் முதலில் யோசித்தேன். ஆனால் கம்பைலரை எடுப்பதற்கு முன்பு கணக்குப்பிள்ளையோடு உட்கார்ந்து மண்டியின் எண்களைக் காகிதத்தில் எழுதினேன். அந்தக் காகிதத்தைப் பார்த்ததும் 640 கேபியே தாராளம் என்று புரிந்துவிட்டது. இந்த வேலையில் மிச்சப்படுத்திய மெமரியில் பெரும்பங்கு அந்தக் காகிதத்தில்தான் மிச்சமானது. கோடு எழுதும்போது செய்த சாமர்த்தியமெல்லாம் அதற்குப் பிறகுதான்.

எண்கள் இப்படி. பேரேட்டில் இருக்கும் விவசாயிகள் 1,100 பேர் சுமார். வரத்து அதிகமான நாளில் 400 வரிகள் விழும். மண்டியில் கிரேடு (தக்காளிப் பெட்டி) விலையை யாரும் பைசாவில் சொல்வதில்லை, கமிஷனும் ரூபாய்க்கு முழுசாக்கப்படுகிறது. அப்படியானால் கணக்கு முழுவதும் ரூபாயில் இருந்தால் போதும்.

ஒரு விற்பனை வரிக்கு 16 பைட் வைத்தேன். தேதி 2, விவசாயி எண் 2, வியாபாரி எண் 2, கிரேடு எண்ணிக்கை 2, கிரேடு விலை 2, அட்வான்ஸில் கழித்தது 4, வரியின் வகை 1, சரிபார்ப்பு 1. கமிஷனையும் சுமைக்கூலியையும் சேமிப்பதே இல்லை. மாதத் தொடக்கத்தில் விகிதம் ஒரு வரியாகப் பதிவாகும், வேண்டும்போது பெருக்கிக்கொள்ளும். தேதிக்கு டாஸின் சொந்த வடிவத்தையே எடுத்துக்கொண்டேன்: 1980இலிருந்து வருடத்துக்கு 7 பிட், மாதத்துக்கு 4, நாளுக்கு 5. இரண்டே பைட்டில் 2107 வரை போகும். இரண்டு தேதிகளை ஒப்பிட வேண்டுமானால் இரண்டு எண்களை ஒப்பிட்டால் போதும்.

விலைக்கு வைத்த 2 பைட்டை முதல் வரைவில் பைசாவாக எழுதியிருந்தேன். 16 பிட்டில் அடங்கும் பெரிய எண் 65,535. பைசாவாக எடுத்தால் 655 ரூபாய் 35 பைசாவோடு முடிந்துவிடும். 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியது எல்லோருக்கும் நினைவிருக்கும். அப்படி ஒரு நாள் வந்தால் கிரேடு விலை அந்த இடத்தில் நுழையாது. ரூபாய்க்கு மாற்றியதும் 65,535 ரூபாய் வரை இடம் கிடைத்தது. அந்த விலைக்குத் தக்காளி போனால் அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

விவசாயிக்கு 32 பைட். பெயர் 20, ஊர் 1, செல்போன் 5, பாக்கி 4, கடைசியாக வந்த தேதி 2. செல்போன் எண்ணை 4 பைட்டில் போட முடியாது. 32 பிட்டில் அடங்கும் பெரிய எண் 429 கோடியே சொச்சம். நம் ஊர் எண்கள் 6, 7, 8, 9இல் தொடங்கும் பத்து இலக்கங்கள். ஒரு பைட்டுக்கு இரண்டு இலக்கம் என்று 5 பைட்டில் அடைத்தேன். ஊர்ப் பெயர்கள் தனிப் பட்டியலில் இருக்கின்றன. மாரண்டஅள்ளி, வெள்ளிச்சந்தை, ஜெர்தலாவ், பஞ்சப்பள்ளி என்று ஒவ்வொரு விவசாயியோடும் ஊரை முழுதாக எழுதினால் வீண். பட்டியலில் அது எத்தனையாவது என்ற எண் மட்டும் போதும். 2,000 விவசாயிகள் வரை இடம் விட்டால் மொத்தம் 64,000 பைட். 64 கேபி என்பது 65,536. பேரேட்டின் பெயர்ப்பட்டியல் முழுவதும் ஒரே அரேவில் அடங்கிவிட்டது. 16, 32 என்று வைத்ததில் இன்னொரு லாபம், எந்த வரியும் டிஸ்கின் இரண்டு 512 பைட் செக்டர்களில் பாதி பாதியாக விழாது. கரண்ட் போகிற ஊரில் இது முக்கியம்.

தமிழ் எழுத்துக்கு வருகிறேன். கணக்குப்பிள்ளைக்கும் விவசாயிக்கும் சீட்டு தமிழில்தான் வேண்டும், அதில் பேச்சுக்கே இடமில்லை. யூனிகோடில் வைத்தால் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட். ‘முனிரத்தினம்’ என்ற பெயரில் 12 குறிகள், ஆக 36 பைட். திஸ்கி (யூனிகோடு பரவுவதற்கு முன்பு புழங்கிய 8 பிட் தமிழ்க் குறியேற்றம்) முறையில் அதே பெயர் 9 பைட்: மு ஒன்று, ன, ி, ர, த் ஒன்று, த, ி, ன, ம் ஒன்று. புள்ளி வைத்த எழுத்துக்கும் உகர ஊகார எழுத்துக்கும் அதில் தனித்தனி இடம் இருப்பதால்தான் இந்தச் சிக்கனம். பெயர்ப்பட்டியலை லேப்டாப்பில் யூனிகோடில் தட்டி, ஒரு சின்ன பைத்தான் ஸ்கிரிப்ட்டில் திஸ்கிக்கு மாற்றி கார்டில் ஏற்றினேன்.

திஸ்கியில் தமிழுக்கு மேல்பாதி 128 இடங்கள். ஒவ்வொன்றுக்கும் 16க்கு 16 புள்ளியில் ஒரு படம் என்றால் 32 பைட். மொத்தம் 4,096 பைட். தமிழ் எழுத்து முழுவதும் 4 கேபியில் வந்துவிடுகிறது. அதோடு ஒவ்வோர் எழுத்தின் அகலத்துக்கு 128 பைட். ஆங்கில எழுத்தும் எண்களும் விஜிஏ அட்டையின் ரோமிலேயே (ROM) தயாராக இருக்கின்றன; அவை இருக்கும் முகவரியை பயாஸிடம் கேட்டு வாங்கினால் போதும். திரைக்கு 640க்கு 480 கருப்பு வெள்ளை மோடு. ஒரு வரிசைக்கு 80 பைட், மொத்தம் 38,400 பைட்.

எழுத்துகளைக் கட்டம் போட்ட நோட்டில் பென்சிலால் வரைந்தேன். இதில் அவசரப்பட முடியவில்லை. ண, ஞ இரண்டும் 16 புள்ளி அகலத்தையும் கேட்டன. ‘ண’வின் சுழிகளுக்கு நடுவே ஒரு புள்ளி வெள்ளை விடாவிட்டால் பிரிண்டரில் மை கசிந்து எல்லாம் ஒரே கட்டியாகிவிடும். ‘ர’வுக்கும் காலுக்கும் வித்தியாசம் தெரிய ‘ர’வின் அடியில் ஒரு சாய்வுப் புள்ளி கட்டாயம். திரையில் அழகாக இருந்தது தாளில் அழகாக இருக்காது. கடைசியில் தாளில் எப்படி விழுகிறது என்பதை மட்டும் பார்த்துத் திருத்தினேன்.

பிரிண்டரில்தான் நிறைய நேரம் போனது. 9 ஊசி பிரிண்டர் படத்தை 8 ஊசிகளால், ஒரு பைட்டுக்கு ஒரு நெடுவரிசை என்று அடிக்கும். என் எழுத்துப் படங்கள் குறுக்கு வரிசையில் இருக்கின்றன. 8க்கு 8 கட்டமாக எடுத்துத் திருப்பிப் போட வேண்டும். எழுத்து 16 புள்ளி உயரம் என்பதால் மேல்பாதி ஒரு தடவை, கீழ்பாதி ஒரு தடவை. பிரிண்டரின் வழக்கமான வரி இடைவெளி அங்குலத்தில் 12/72. அப்படியே விட்டால் எழுத்தின் இடுப்பில் 4 புள்ளி உயரத்துக்கு வெள்ளைப் பட்டை விழுகிறது. 27, 51, 24 என்று பிரிண்டருக்குக் கட்டளை எண்களை அனுப்பினால் இடைவெளி 24/216, அதாவது 8/72 ஆகி இரண்டு பாதிகளும் ஒட்டிக்கொள்ளும்.

அடுத்தது அகலம். இரட்டை அடர்த்தி மோடில் அங்குலத்துக்கு 120 புள்ளி. உயரத்திலோ 72தான். எழுத்தெல்லாம் ஒல்லியாக நெடுநெடுவென்று நின்றன, ‘ஞ’வை ‘ரு’ என்றுகூடப் படிக்கலாம். 60 புள்ளி மோடில் எல்லாம் குட்டையாகப் பருத்துவிட்டன. கையேட்டைப் புரட்டியபோது நான்காம் மோடு கண்ணில் பட்டது: அங்குலத்துக்கு 80 புள்ளி. 8 அங்குலத் தாளில் சரியாக 640 புள்ளி, என் திரையின் அகலமும் அதேதான். 27, 42, 4, 128, 2 என்று ஐந்து எண்களை அனுப்பி, பின்னால் 640 பைட் அனுப்பினால் ஒரு வரியின் பாதி முடிந்தது. முழு பில்லையும் மெமரியில் வரைந்து வைக்கத் தேவையில்லை. ஒரு வரிக்கு 1,280 பைட் இடம் வைத்து, வரைந்து, அடித்து, அழித்து, அதே இடத்திலேயே அடுத்த வரி.

இவ்வளவுக்குப் பிறகும் சில பெயர்கள் வந்தால் மட்டும் வரி நகர்ந்து, குப்பையாக அடித்தது. சில பெயர்களில் பில் பாதியிலேயே நின்றது. பிரிண்டருக்கு டெக்ஸ்ட் மோடில் அனுப்பியதுதான் காரணம். படத்தில் 10 என்ற பைட் வந்தால் அதைப் புது வரி என்று எண்ணி முன்னால் ஒரு 13ஐச் சேர்த்துவிடும். 26 வந்தால் டாஸ் அதோடு ஃபைல் முடிந்தது என்று எடுத்துக்கொள்ளும். படத்தின் புள்ளிகளில் 10உம் 26உம் எங்கே வரும் என்று யாருக்குத் தெரியும்? டாஸை விலக்கிவிட்டு, டர்போ சியின் பயாஸ்பிரிண்ட் ஃபங்ஷன் வழியாக ஒவ்வொரு பைட்டையும் நேராகப் பிரிண்டருக்கு அனுப்பினேன். அதன் பிறகு ஒரு புள்ளிகூட பிசகவில்லை.

சோதனை ஓட்டத்தின் நடுவே கணக்குப்பிள்ளை கூப்பிட்டார். “தம்பி, 40 கிரேடு, விலை 900. பில்லுல மைனஸ் 29,536ன்னு வருது பாருங்க.”

டர்போ சியில் முழு எண்ணுக்கான சாதாரண வகையான இன்ட் 16 பிட், 32,767 வரைதான். 40ஐ 900ஆல் பெருக்கினால் 36,000. அதிலிருந்து 65,536 கழிந்து மைனஸாகிறது. விடையை லாங்கில் (32 பிட் முழு எண்) போட்டிருந்தாலும் பெருக்கல் இன்ட்டிலேயே நடந்து முடிந்துவிடும். பெருக்குவதற்கு முன்பே ஒரு எண்ணை லாங்காக மாற்ற வேண்டும். “சின்ன பில்லெல்லாம் சரியா வருதேண்ணா” என்றேன். “பெரிய பில்லுதானே தம்பி தகராறு வர்ற இடம்” என்றார். அன்றிலிருந்து எந்தத் திருத்தம் செய்தாலும் 1 கிரேடு, 40 கிரேடு, 999 கிரேடு மூன்றையும் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் மண்டிக்குக் கொடுக்கிறேன். லாங்குக்கும் வரம்பு உண்டு, 214 கோடி சொச்சம். பைசாவில் வைத்திருந்தால் வருட மொத்தம் இரண்டேகால் கோடி ரூபாயை எட்டுவதற்குள் உடைந்திருக்கும். ரூபாயில் வைத்ததால் கவலையில்லை.

கரண்ட் விஷயத்துக்கு வருவோம். ஒரு ஃபைலின் கடைசியில் வரிகளைச் சேர்த்துக்கொண்டே போனால், டாஸ் அந்த ஃபைலின் நீளத்தை டைரக்டரியில் எழுதுவது ஃபைலை மூடும்போதுதான். நடுவில் கரண்ட் போனால் வரிகள் டிஸ்கில் இருந்தாலும் ஃபைலின் நீளம் பழையதாகவே இருக்கும். காலையில் அடித்ததெல்லாம் போச்சு. ஆகவே மாதம் பிறக்கும்போதே அந்த மாதத்துக்கான முழு ஃபைலையும் பூஜ்யங்களால் நிரப்பி உருவாக்கிவிடுகிறேன். 12,800 வரிகள், 2,04,800 பைட், சரியாக 400 செக்டர். அதற்குப் பிறகு ஃபைலின் நீளம் மாறுவதே இல்லை. புது வரி என்பது இருக்கும் இடத்தின் மேல் எழுதுவதுதான். எழுதியதும், உடனே டிஸ்கில் எழுதச் சொல்லும் டாஸின் கமிட் அழைப்பைக் கொடுக்கிறேன். இது டாஸ் 3.3இலிருந்து இருக்கிறது. சி மொழியின் எஃப்ஃப்ளஷ் மட்டும் போதாது, அது டாஸின் கையில் கொடுத்துவிட்டு வந்துவிடும். பூட் ஆனதும் புரோகிராம் வரிகளை முதலிலிருந்து படித்து, முதல் காலி வரியில் நின்றுகொள்கிறது. சரிபார்ப்பு பைட் என்பது மற்ற 15 பைட்டின் கூட்டல். அதைப் பூஜ்யத்திலிருந்து தொடங்கினால் காலி வரியும் சரியான வரி மாதிரியே தெரியும். 165இலிருந்து தொடங்கினேன். சரிபார்க்க வேறு வழியில்லை, பில் அடித்துக்கொண்டே இருக்கும்போது பிளக்கைப் பிடுங்கிப் பிடுங்கிப் பார்த்தேன். அடித்து முடித்த பில் ஒன்றுகூடத் தவறவில்லை.

பேரேடு எடுப்பது எளிது. ஒரு விவசாயியின் மாதக் கணக்கு வேண்டுமென்றால் மாத ஃபைல் முழுவதையும் 8 கேபி 8 கேபியாகப் படித்து, அவர் எண் உள்ள வரிகளை மட்டும் அடிக்கும். இன்டெக்ஸ், மரம் என்று எதுவும் இல்லை. 200 கேபிதானே, என்டரைத் தட்டிய கையோடு வந்துவிடுகிறது. அந்த 8 கேபி இடத்தை ஃபங்ஷனுக்குள் வைத்தபோது கணினி அப்படியே உறைந்தது. ஃபங்ஷன்கள் தற்காலிகமாகப் பயன்படுத்த டர்போ சி தானாகக் கொடுக்கும் இடம், அதாவது ஸ்டாக், 4 கேபி மட்டுமே. வெளியே ஸ்டாட்டிக்காக வைத்ததும் சரி.

பெயர் வரிசைதான் பாடாய்ப்படுத்தியது. திஸ்கியில் எழுத்து கண்ணுக்குத் தெரியும் வரிசையில் சேமிக்கப்படுகிறது. ‘கோ’ என்பது கொம்பு, க, கால். பைட்டை வைத்து அப்படியே அடுக்கினால் கோவிந்தனும் சேகரும் பெருமாளும் கொம்பில் தொடங்குவதால் ஓரிடத்தில் கூடிவிடுகிறார்கள். கணக்குப்பிள்ளை ககர வரிசையில் தேடினால் கோவிந்தன் கிடைக்க மாட்டார். ஒவ்வொரு பெயருக்கும் முதல் நான்கு எழுத்துக்கு 8 பைட்டில் ஒரு சாவி செய்தேன்: கொம்பைப் பின்னால் தள்ளி, காலோடு சேர்த்து, அகரவரிசை எண்ணாக மாற்றி எழுதுவது. 2,000 பெயருக்கு 16,000 பைட். பெயர்களை இடம் மாற்றாமல், 2 பைட் எண்களை மட்டும் சாவியை வைத்து அடுக்கினால் போதும்.

செலவு: பேட்டரி 40, கப்பாசிட்டர்கள் 60, அடாப்டர் 350, பழைய ஃபிளாஷ் கார்டு 600, பிரிண்டர் ரிப்பன் 120. ஆக 1,170 ரூபாய். கார்டு ஒன்று கூடுதலாக வாங்கி, எல்லாவற்றையும் காப்பி செய்து கல்லாவில் வைக்கச் சொல்லியிருக்கிறேன். இருக்கிற கார்டு போனால் அதை மாட்டிக்கொள்ளலாம்.

மறுபடி செய்தால் இரண்டை மாற்றுவேன். ஊருக்கு வைத்த 1 பைட்டில் 255 ஊர்தான். பாலக்கோட்டுக்குப் போதும், ஆனால் காரிமங்கலம், இராயக்கோட்டைப் பக்கமிருந்தும் வண்டிகள் வருகின்றன. பெயரில் ஒரு பைட் குறைத்து ஊருக்கு 2 பைட் கொடுப்பேன். எழுத்துகளை வரைவதற்கு முன்பே பிரிண்டரின் நான்காம் மோடைத் தீர்மானித்துவிடுவேன், பாதி எழுத்துகளை இரண்டாம் தடவை வரைய வேண்டி வந்திருக்காது.

இப்போதைக்குப் புது விவசாயி வந்தால் பெயர் ஆங்கில எழுத்தில் ஏறுகிறது. இரவு லேப்டாப்பில் நான் தமிழாக்கிக் கொடுக்கிறேன். அதற்காகத் தமிழ்99 விசைப்பலகையை புரோகிராமுக்குள்ளேயே எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரே மெய்யை இரண்டு தடவை தட்டினால் முதலாவதுக்குப் புள்ளி தானாக விழும் விதி வேலை செய்கிறது. ங்க, ஞ்ச, ந்த என்று இணைந்து வரும் எழுத்துகளின் விதி பாக்கி. அது முடிந்தால் கணக்குப்பிள்ளை தானே பெயர் ஏற்றிக்கொள்வார். விதிகளுக்கான அட்டவணைக்கு 2 கேபி ஒதுக்கியிருக்கிறேன், அதற்குள் அடங்கிவிடும் போலிருக்கிறது.